மாமா கழற்றச் சொன்னவை

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள், கடையில் ஊமையாகிப்போன ஒலிபெருக்கிகள் வழக்கம்போல் குவிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். இத்தனை பேர் ஒரே சமயத்தில் இவ்வளவு நலமாகவும், இவ்வளவு அமைதியாகவும், ஒரு சின்னச் சண்டைகூட இல்லாமலும் இருப்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போனில் கேட்காமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. படித்ததும் கிழித்துவிடுங்கள். அத்தையிடம் காட்டிவிட்டுக் கிழித்தாலும் சரி. எப்படியும் காட்டத்தான் போகிறீர்கள்.

நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் எனக்கு அனுப்பிய ஹெட்போனுக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒலிப்புத்தகம் வெளியிடுகிறவர்களுக்காக, ஒருவர் வாசித்த பதிவை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுக் கேட்டு, எங்கே ஒரு சொல் விழுந்தது, எங்கே நாற்காலி முனகியது என்று குறித்துக் கொடுக்கிறேன். எல்லாம் இன்னும் வெளிவராத புத்தகங்கள். அதனால் ஒரு வரியைக்கூட வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். "இவ வயித்துக்குள்ள போன வார்த்தை கிணத்துல போட்ட கல்லு" என்று அம்மா சொல்வது உங்களுக்கும் தெரிந்ததுதான். என் அறைச் சுவருக்கு அந்தப்பக்கம் மரப்பட்டறை என்பதால், கூடத்து மூலையில் பீரோவுக்குப் பின்னால் மேசை போட்டிருக்கிறேன். பீரோ என் மதில். ஹெட்போன் என் கதவு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்போன் சரியில்லை என்று சொல்ல வரவில்லை. மற்றவற்றில் ஒரு சின்னக் கூம்பு முன்னும் பின்னும் குதிக்கிறது, இந்தப் பிளேனர் மேக்னெடிக் வகையில் வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம் ஒன்று, காந்த வரிசைகளுக்கு நடுவில் மொத்தமாக அசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. குரல் காதைக் குத்தவில்லை. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. வாசிப்பவர் எச்சில் விழுங்குவது கேட்டது. பக்கம் புரட்டும்முன் அவர் விரலை நாக்கில் தொடுவதுகூடக் கேட்டது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இவ்வளவு கேட்கிற கருவி வேறு எதையெல்லாம் கேட்கும்?

பிறகு உங்கள் யோசனைகள் வரத் தொடங்கின. நான் கேட்காமலேயே. அம்மா உங்களோடு போனில் பேசிய மறுநாள் தவறாமல் ஒன்று வரும். அக்காவோடு பேசினால் உங்களுக்குத் தொழிலில் உற்சாகம் பிறக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். முதலில், பின்பக்கத்தில் உங்களுக்கு முன்பு இதை வைத்திருந்தவர் அடைத்திருந்த தடித்த கம்பளித்துணியைக் கழற்றச் சொன்னீர்கள். "எடுத்துடும்மா, குரல் மூச்சு விடும்" என்றீர்கள். சின்னத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவை உருண்டு ஓடாமல் இருக்க ஒரு கிண்ணத்தில் போட்டு, எடுத்தேன். உண்மையாகவே குரல் மூச்சு விட்டது. சுவர்கள் நாலு அடி தள்ளிப் போனதுபோல் இருந்தது. அந்த வாரம்தான் அப்பா, லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வாழ்நாளில் சுற்றறிக்கை தவிர எதையும் படிக்காதவர், செருப்பைத் துடைத்துக்கொண்டே திடீரென்று, "ஏம்மா, ஒருத்தன் குளிக்கும்போது செத்துப்போனா குழாய் திறந்துதானே கிடக்கணும்? மூடினது யாரு?" என்று கேட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு துப்பறியும் நாவல், மாமா. அதில் மலைமேல் ஒரு வீட்டுக்காரர் குளியல் தொட்டியில் இறந்துகிடக்கிறார். குழாய் மூடியிருக்கிறது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பொதுவா கேக்கறீங்களாப்பா?" என்றேன். "பொதுவாத்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அடுத்து, பின்மூடியில் துளைகள் போதவில்லை என்று அதையும் எடுக்கச் சொல்லி, அதற்குப் பதிலாக அளவாக வெட்டிய கம்பிவலையை அனுப்பினீர்கள். துளையெல்லாம் சூடு போவதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். லேப்டாப்புக்கு அப்படித்தானே இருக்கிறது? வலை மாட்டியதும் குரல் இன்னும் விரிந்தது. கூடவே அம்மா வெங்காயத்தைப் பார்த்து, "அந்தச் சமையல்காரன் பாவம், அவன் முகத்துல கொலை செய்யற களை இல்ல" என்று சொன்னாள். முகமா? நாவலில் வரும் சமையல்காரனுக்கு வெறும் ஒலியில் முகம் எங்கே வந்தது? கேட்டால், "ஏதோ வெங்காயம் கண்ணைக் கரிச்சுது, உளறினேன்" என்றாள். மூன்றாவதாக, காதுமெத்தையின் உள்விளிம்பில் ஊசியால் வரிசையாகத் துளை போடச் சொன்னீர்கள்; அடிக்குரலின் உப்பல் வற்றி, சொற்கள் தெளியும் என்றீர்கள். போட்டேன். வற்றியது, தெளிந்தது. ஆனால் மொத்தமாகக் கொஞ்சம் மெலிந்ததுபோல் தோன்றவே, நீங்கள் கொடுத்த ஆம்ப்ளிஃபையரின் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டின் போக்கே மாறிவிட்டது. நான் ஹெட்போனை மாட்டினால் டிவி அணைகிறது. மிக்ஸி நிற்கிறது. அப்பாவின் நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து பீரோவோடு ஒட்டிக்கொண்டது. கேட்டால் அங்கேதான் காற்று வருகிறதாம். பீரோவிலிருந்தா காற்று வரும்? அம்மா பூண்டு உரிக்கும் முறத்தோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்கிறாள். உரித்த பூண்டையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கல்யாணத்துக்குக் காணும். எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாத அண்ணிகூட விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். அண்ணன் மட்டும் எப்போது வருகிறான், எப்போது போகிறான் என்று அவனுக்கே தெரியாததால் அவன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறாள், இல்லையா? என் மேலதிகாரிக்கு, நாங்கள் காற்புள்ளி மேடம் என்று சொல்வோம், கடைவாய்ப்பல் வலித்திருக்கிறது. ஊரில் எத்தனையோ பல் மருத்துவமனைகள் இருக்க, அங்கேதான் போயிருக்கிறார். பல் பிடுங்கப் பயந்து எழுந்து ஓடப் பார்த்த ஒரு பெரியவரிடம் அண்ணி, "உக்காருங்க சார், பயம் தெரியாம இருக்க ஒரு கதை சொல்றேன், எங்கயும் கிடைக்காத கதை" என்று ஆரம்பித்து, மலை வீடு, மூடிய குழாய், கதையில் வரும் டாக்டரின் காணாமல்போன கையுறை வரை சொல்லியிருக்கிறாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்களாம். மேடமும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அது என் அண்ணி என்று அவருக்குத் தெரியாது. என் குடும்பத்தைப் பற்றி நான்தான் ஆபீஸில் மூச்சுவிட்டதில்லையே.

"ஒரு வரி போயிருந்தா தற்செயல்னு விட்டிருப்பேன்" என்றார் போனில், வீங்கிய வாயோடு. "அத்தியாயம் அத்தியாயமா போயிருக்கு. எழுதினவர், வாசிச்சவர், நீங்க, நான், அவ்வளவுபேர்கிட்டதான் இது இருக்கு. எப்படிப் போச்சுன்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா இனிமே உங்களுக்குப் பதிவு அனுப்ப முடியாது."

எனக்கு இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் சரியாக வராது, மாமா. ஆளோடு பேசாமல் நாள் முழுக்கக் குரல்களோடு இருக்க எனக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். இதை விட்டால் இன்னொன்று எங்கே கிடைக்கும்? அண்ணியைக் கேட்டேன். "எங்கயோ காதுல விழுந்துச்சு, ஊரே பேசுது" என்றாள். லேப்டாப்பின் கடவுச்சொல்லை மாற்றினேன். மூடியின் இடுக்கில் என் தலைமுடி ஒன்றை வைத்துப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. கடைசியில் பொறி வைத்தேன். "கொலையாளி டாக்டரின் தம்பி, ஊரிலிருந்து வந்து செய்தான்" என்று நானே கதை கட்டி ஒரு தாளில் எழுதி, அப்பாவின் நாற்காலிக்கருகே தவறி விழுந்ததுபோல் போட்டுவைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். "இது உன் பேப்பராம்மா? தப்பா இருக்கே. டாக்டருக்குத்தான் கூடப்பிறந்தவங்களே கிடையாதே" என்றார். சொன்ன கணமே முகம் மாறி, மறுபடி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் கிளம்பினார். டாக்டர் ஒற்றைப்பிள்ளை என்பது அன்று காலைதான் என் காதுக்குள் வந்தது. எந்தக் காகிதத்திலும் நான் அதைக் குறிக்கவில்லை.

ஆக, களவு போவது லேப்டாப்பிலிருந்து அல்ல. ஹெட்போனிலிருந்து. அந்தப் படலத்தின்மேல் ஒரு வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து போவதை நானே பார்த்தேன். பழைய ஆன்டெனா அப்படித்தான் இருக்கும். அத்தனை காந்தம் எதற்கு? நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தபின் ஒலி தெளிந்தது, வீட்டாருக்குத் தெரிவதும் கூடியது. இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. இதற்கு நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? அதற்குள் ஏதோ ஒலிபரப்பி இருக்கிறது என்றும், இந்த வீட்டில் யாரோ ஒருவர் உங்கள் ஆள் என்றும் நான் தீர்மானித்துவிட்டேன். உண்மையை மறைக்காமல் எழுதிவிட்டால் அத்தைக்குச் சொல்ல மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, நீங்கள் மாடிப்படி ஏறிப் பல்லாண்டு வாழ வேண்டும்.

உங்கள் ஆசியை வேண்டும், உங்கள் ஹெட்போனை நம்பாத,
மருமகள்.

பி.கு.: மாமா, மன்னித்துவிடுங்கள். மேலே உள்ளதை எழுதி முடித்து, வாக்கியங்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க, வழக்கம்போல் பட்டறை ஓய்ந்ததும் அறையில் தாழிட்டுக்கொண்டு மெதுவாக வாசித்துப் பதிவு செய்து, மேசைக்கு வந்து ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். பாதியில் பீரோவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து அண்ணியின் குரல்: "எதையும் வாயில வச்சிருக்கத் தெரியாத அண்ணின்னா, அது யாரும்மா? நம்ம வீட்லயா?" உடனே அப்பா, "வெறும் இன்ஸ்பெக்டர்னு போடாத. சீனியர் இன்ஸ்பெக்டர்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அண்ணி வந்து ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "போய் அடுப்படியில நில்லு" என்றாள். நின்றேன். என் குரல், என் கடிதம், கூடம் முழுக்க. எச்சில் விழுங்குவது வரைக்கும். பின்பக்கம் திறந்திருந்தால் உள்ளே கேட்பது அத்தனையும் வெளியேயும் கேட்கும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒற்றனும் இல்லை, ஒலிபரப்பியும் இல்லை. நானேதான் தினமும் வீட்டுக்குக் கதை வாசித்துக் காட்டியிருக்கிறேன். காற்புள்ளி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சிரிக்க வைக்காதீங்க, தையல் போட்டிருக்கு" என்றார். பிறகு கண்டிப்பாக, "முதல்ல பின்பக்கத்தை அடைங்க. வீட்ல இருக்கற எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்" என்றார். வேலை தப்பியது. அப்பா விதிமுறைகளை மூன்று தடவை படித்துப் பதவியோடு கையெழுத்துப் போட்டார். அண்ணி, "ஏற்கெனவே சொன்னதுக்கு இது செல்லாதே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு போட்டாள். பழைய கம்பளியைத் தேடி அடைத்துவிட்டேன். குரல் மறுபடி போர்வைக்குள் போய்விட்டது. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மனதார வருந்துகிறேன்.

இன்னொரு பி.கு.: மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொஞ்சம் முன்பு நான் ஹெட்போனை மாட்டி, பதிவை இன்னும் ஓடவிடாமல் உட்கார்ந்திருந்தேன். அடைத்த ஹெட்போனுக்குள் எனக்குக் காது கேட்காது என்று நினைத்து, அம்மா உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "டேய் தம்பி, அடைச்சுட்டாடா. நீ சொன்ன ஊசி ஓட்டை போட்டதுக்கப்புறம்தான் ஒவ்வொரு சொல்லும் சுத்தமா கேட்டுச்சு, இப்ப மறுபடியும் ஒண்ணுமில்ல. வேற ஏதாவது கழட்டச் சொல்லேன்" என்றாள். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். அவள், "கதைக்காகவாடா கேட்டேன்? அவ வாயைத்தான் திறக்க முடியல, அந்த மூடியையாவது திறப்போம்னு பாத்தேன். நாள் பூரா எதைக் கேட்டுச் சிரிக்கிறா, எதுக்குக் கண்ணைத் துடைக்கிறான்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு" என்றாள்.

ஆக, இந்த வீட்டில் உங்கள் ஆள் இருக்கிறார் என்று நான் எழுதியது தவறுதான். நீங்கள்தான் அம்மாவின் ஆள்.

கோபப்படுவதா என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஏற்கெனவே வெளிவந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டு போய் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, நானே வாயைத் திறந்து முதல் அத்தியாயத்தை வாசித்தேன். அப்பாவின் நாற்காலியும் நகர்ந்து வந்தது. அம்மா ஒரு பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு, உரிக்காமலே முழுவதும் கேட்டாள். முடித்ததும் அந்தப் பூண்டை முறத்தில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அந்த மிஷின்ல இன்னும் தெளிவா இருக்கும்."