பால் டின்னில் நிற்கும் ஓக்கு மேசை

மலாக்காவில் மரமே கிடையாது என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஓக்கு அண்ணன்தான். ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் காடு, வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான், முன்னால் மாமரம். அத்தனையும் அவருக்குச் செடிகள். மரம் என்றால் அது இங்கிலாந்தில் முளைக்கிற ஓக் ஒன்றுதான்.

அந்த ஓக்கை அவர் கண்ணால் கண்டதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புக்கிட் ரம்பாயில் பிறந்தவர். ஒரே ஒரு முறை சிங்கப்பூருக்குப் போய், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மறுநாளே திரும்பி வந்தவர். அவருடைய ஞானம் முழுவதும் எங்கள் சர்க்கார் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ஒரு மரப் புத்தகத்திலிருந்து வந்தது. அதிலும் முன் அட்டையும் கடைசிப் பத்துப் பக்கமும் கிடையாது. இருந்த பக்கங்களை அவர் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார்.

அலுவலகத்தில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கணக்குக் குமாஸ்தா; நான் சின்னக் கிராணி. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போதாத காலம், காஜா பேராங்கில் ஒரே வீட்டில் ஒரே அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். அதனால் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஓக், வீட்டுக்கு வந்தால் மிச்ச நேரமும் ஓக்.

குளியலறை வாளி ஒழுகுகிறது என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"ஓக்கு பீப்பாயா இருந்தா நூறு வருஷம் ஊத்தி வச்சாலும் ஒரு சொட்டு கசியாது தம்பி. மரத்துக்குள்ள இருக்கிற ஓட்டையெல்லாம் அதுவே அடைச்சுக்கும்."

"அண்ணே, இது தகர வாளி."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

இப்படிப்பட்டவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? ஓட்டை வாளியிலேயே குளித்துவிட்டு வந்தேன்.

அவரிடம் ஒரு புட்டி இருந்தது. துருப்பிடித்த ஆணி, கீல், உடைந்த பூட்டு என்று அகப்பட்ட இரும்பையெல்லாம் வினிகரில் ஊறப்போட்டு வைத்திருப்பார். ஓக் மரத்தில் துவர்ப்பு அதிகமாம். தேயிலையிலும் கொட்டைப்பாக்கிலும் இருக்கிற அதே துவர்ப்பு. இரும்புத் தண்ணீர் அதில் பட்டால் மை கொட்டினாற்போல் நீலக் கறுப்பாகிவிடும். போகிற வீட்டிலெல்லாம், நாற்காலி கண்டால், அலமாரி கண்டால், சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டுவிடுவார். ஊரில் அவருக்கு யாரும் உட்கார இடம் தராமல் போனதற்கு இதுதான் காரணம்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, பல தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட மலாக்காச் செட்டி வம்சத்துப் பெண்மணி. பீபிக் என்று கூப்பிடுவோம். நெற்றி நிறைய விபூதி, ஆனால் பேச்சு முழுக்க மலாய். தமிழில் தெரிந்தது சாமிகளின் பெயர் மட்டும். முன்னோர்களுக்கு வாழை இலையில் படையல் வைக்கும் நீளப் பலகை ஒன்றைக் கண்ணைப் போல் காத்து வந்தார். படையலுக்கு முதல்நாள் அதைக் கழுவி வெயிலில் காயவைத்தார். நம்மவர் அதில் சொட்டு விட்டார்.

"கிலா! ஓராங் கிலா!" என்று கத்திக்கொண்டே பீபிக் அகப்பையோடு அவரைத் தெருமுனை வரை துரத்தினார். மலாயில் அது பைத்தியக்காரன் என்று அர்த்தம். அண்ணனோ ஓடிக்கொண்டே, "கறுக்கல தம்பி! நான் அப்பவே நெனச்சேன்!" என்று எனக்குத் தகவல் சொன்னார்.

அடுத்தது என் கட்டில். அதன் கால் கனமாக இருப்பதாக அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் காலத்துக் குதிரை லாயங்களில் மூத்திர ஆவி பட்டுப் பட்டு ஓக் தானாகவே கறுத்துப் போகும் என்று புத்தகத்தில் படித்திருந்தார். குதிரைக்கு எங்கே போவது? நான் அலுவலகம் போயிருந்த சமயம், அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, என் கட்டிலைத் தூக்கிப் போய்ப் பக்கத்துப் பால்காரர் மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டார். ஒரு வாரம் நான் தரையில் படுத்தேன். கட்டில் திரும்பி வந்தது. கறுக்கவில்லை. ஆனால் அதில் படுத்து எழுந்துபோன என்னைக் கண்டு அலுவலகத்தில் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார்கள்.

"ஒரு வாரம் பத்தாது போல தம்பி," என்றார்.

நான் அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது என் பெற்றோர் செய்த புண்ணியம். அவர் பெற்றோர் செய்ததாகவும் இருக்கலாம்.

இதை மன்னித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புக்கிட் பாருவில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெரியவர் ஒருத்தர் கூட வரவேண்டுமே என்று இவரை அழைத்துப் போனேன். புத்தி கெட்டுப் போனால் மனிதன் இப்படித்தான் செய்வான். பெண்ணின் அப்பா புது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை. குனிந்து நாற்காலியைத் தட்டினார், முகர்ந்தார்.

"இதுக்கா காசு கொடுத்து வாங்குனீங்க? வெறகுக்குக்கூட ஆகாதே!"

பெண்ணின் அப்பா பலகாரத் தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனார். அந்தத் தட்டு மறுபடி வெளியே வர நான் நான்கு மாதம் நடையாய் நடந்தேன். என் மனைவி இன்றைக்கும் கோபம் வந்தால், "அந்த ஓக்குப் பெரியவரோட வந்தவருதானே நீங்க," என்பாள்.

இப்படி ஊரிலுள்ள மரத்தையெல்லாம் சோதித்தவர் ஒரே ஒரு சாமான் மேல் மட்டும் சொட்டு விட்டதில்லை. அது துரையின் மேசை.

அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய மேசை. இங்கிலாந்து ஓக் என்று துரை என்றைக்கோ ஒருநாள் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் அண்ணனுக்கு இந்த நோய் பிடித்தது. இருபத்திரண்டு வருடம், திங்கட்கிழமை தவறாமல், தன் கையாலேயே அதற்கு மெழுகு போட்டுத் துடைத்தார். அது கூலியாள் வேலை, கிராணி செய்யக்கூடாது என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு வரி எழுத அவருக்கு அனுமதி இருந்ததில்லை. துடைக்க மட்டும் இருந்தது.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திரம், நெருங்கியது. துரை மூட்டை கட்டினார். கடைசி நாள் அண்ணனைக் கூப்பிட்டு, மேசையைத் தட்டி, "இது உனக்கு," என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். அண்ணன் அழுத அழுகையைப் பார்த்து, துரை செத்துப்போனார் என்று நினைத்து இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள்.

துரை இடத்துக்கு வந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். சுதந்திரத்துக்கு முன்னால் அலுவலகச் சாமான் அத்தனையும் பட்டியலில் ஏறியாக வேண்டும். மேசையிடம் வந்து நின்றார்.

"சர்க்கார் மேசை, நாற்காலி எல்லாம் இந்த ஊர் மரத்தில், இங்கேயே செய்தது. அப்படியானால் இது சர்க்காருடையது. துரை தானம் கொடுக்க முடியாது. நிஜமாகவே இங்கிலாந்து ஓக் என்றால் அவர் சொந்தமாகக் கொண்டுவந்தது. நீங்கள் தாராளமாக எடுத்துப் போகலாம்," என்றார் மலாயில். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்களிடம்தான் ஏதோ மருந்துத் தண்ணீர் இருக்கிறதாமே? வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் முன்னால் போட்டுக் காட்டுங்கள்."

ஊர் முழுக்கச் சொட்டு விட்ட மனிதருக்கு முகம் வெளுத்துப்போனது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. நான் சீண்டினேன்.

"என்னா அண்ணே, பயமா?"

"எனக்கு என்னா பயம்? தொரை பொய் சொல்லியிருக்க மாட்டாரு தம்பி." பிறகு அவரே, "சொல்லியிருப்பாருங்கிற?" என்று கேட்டார்.

அன்று அவர் கணக்கெடுக்க ஸ்டோருக்குள் போனதும், அவர் மேசையில் விட்டுப்போன புட்டியை நான் எடுத்துக்கொண்டு துரை அறைக்குப் போனேன். மேசையின் மேல்பக்கம் வார்னிஷ்; அடிப்பக்கம்தான் பூச்சில்லாத மரம். மல்லாந்து படுத்து, ஒரு சொட்டுத் தடவினேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். துருத் தண்ணீர் துருத் தண்ணீராகவே இருந்தது. இந்த ஊர்க் காட்டில் வெட்டிய ஏதோ ஒரு மரம்!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வாளிக்கும் கட்டிலுக்கும் பலகாரத் தட்டுக்கும் சேர்த்துப் பழி தீர்ந்தது என்று துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே அவர் மேசையில் இருந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷம் இறங்கிவிட்டது. நாளைக்கு மூன்று மணிக்கு இந்த மனிதருக்கு மேசை மட்டும் போகப்போவதில்லை, இருபத்திரண்டு வருடமும் போகப்போகிறது என்று தோன்றியது. எனக்கு அவர்மேல் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. என்னை ஏன் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விடவேண்டும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காக அலுவலகம் நீண்ட நேரம் ஓய்ந்திருக்கும். அதிகாரி பள்ளிவாசலுக்குப் போனார். அண்ணன் புட்டியோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனார். நான் பின்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினேன்.

"தே ஓ, நாலு கிளாஸ். நல்லா கறுப்பா, கடுப்பமா போடுங்க."

"நாலு பேரா சார்?"

"நாலு கிளாஸ்!"

தேயிலையிலும் அதே துவர்ப்புதான் என்று எனக்குப் பாடம் நடத்தியது யார்? அவரேதான். காலையிலேயே பையில் போட்டு வந்திருந்த என் முகச்சவரப் பிரஷ்ஷைத் தேநீரில் தோய்த்துத் தோய்த்து, மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, மூலை முடுக்கு விடாமல் பூசினேன். பாதி மரத்துக்குப் போனது, பாதி என் வெள்ளைச் சட்டைக்கு. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காயவிட்டேன்.

மூன்று மணி. அதிகாரி, இரண்டு கிராணிகள், பட்டியல், எல்லாம் தயார். மேசையைக் கவிழ்த்தோம். அண்ணன் புட்டியைச் சாய்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கறுக்குதா தம்பி?"

"நீங்களே பாருங்க அண்ணே."

மை கொட்டினாற்போல் கறுத்திருந்தது. அதிகாரி பட்டியலில் ஒரு கோடு போட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன், "நான் சொல்லலை? நான் சொல்லலை?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். என் சட்டையில் என்ன கறை என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாட்டுவண்டியில் மேசை காஜா பேராங்குக்கு வந்து, எங்கள் அறையில் எனக்கு நடக்க இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்தால், நான்கு கால்களிலும் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் தே ஓ என்றால் பால்தான் இருக்காது; கடைக்காரர் கேட்காமலே நான்கு கரண்டி சீனி போடுவார். வேண்டாம் என்று நாமாகச் சொன்னால்தான் உண்டு. நான் எங்கே சொன்னேன்?

அண்ணன் எறும்பு வரிசையைப் பார்த்தார். குனிந்தார். மேசைக்கு அடியில் போனார். முகர்வது கேட்டது. விரலால் தடவி நாக்கில் வைத்துக்கொண்டதும் தெரிந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த என் கறைச் சட்டையைப் பார்த்தேன். அவர் வெளியே வந்தார். அவரும் அந்தச் சட்டையைத்தான் பார்த்தார்.

நேரே பீபிக்கிடம் போய் நான்கு காலிப் பால் டின் வாங்கி வந்தார். தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு டின்னில் நிறுத்தினார். ஒரு கையால் தூக்க முடியாமல் திணறியபோது நானும் போய்ப் பிடித்தேன்.

எறும்பைப் பார்த்து, பீபிக் வாசலில் நின்று என்ன விஷயம் என்று கேட்டார்.

"இங்கிலாந்து ஓக்கு பீபிக், கொஞ்சம் இனிப்பு இருக்கும்," என்று மலாயில் விளக்கினார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "நல்ல மரம், இல்ல தம்பி?" என்றார்.

"நல்ல மரம் அண்ணே," என்றேன்.

அதன்பிறகு அவர் யார் வீட்டிலும் சொட்டு விடவில்லை. புட்டியை என்ன செய்தார் என்று நான் கேட்கவும் இல்லை. சாகும்போது மேசையை எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். சாகும்போதும் என் வீட்டில் இடத்தை அடைக்காமல் அவரால் போக முடியவில்லை. இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதன் மேல்தான். எறும்பு வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை தவறாமல் குனிந்து, முதுகு வலியோடு அவரைத் திட்டிக்கொண்டே, நான்கு டின்களிலும் தண்ணீர் மாற்றுகிறேன். வருகிறவர்கள் என்ன மரம் என்று கேட்டால், ஓக் என்றுதான் சொல்கிறேன்.