கடைசித் துறைக்கு ரெண்டு டிக்கெட்

“எங்க போகணும், சேச்சி?” என்று படகுக் கண்டக்டர் மறுபடியும் கேட்டார்.

சந்தனமாரிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மடியில் யாருடைய வாத்துக்கூடையோ ஏறி உட்கார்ந்திருந்தது. முதுகில் யாருடைய சைக்கிளோ குத்தியது. இந்த நெரிசலில் இவருக்குப் போகிற இடம் வேறு சொல்ல வேண்டுமாம்.

“நாம எங்க போனா இவருக்கென்ன?” என்று கணவரிடம் சீறினாள்.

“டிக்கெட் குடுக்கணும்லா, ஏளா” என்றார் பால்துரை. தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய பேச்செல்லாம் கடையிலேயே தீர்ந்துவிடும்.

சொல்ல முடியாத இடம்தான். ஆலப்புழையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சாத்தான்குளத்துக் குடும்பத்திலிருந்து மகள் சரண்யாதேவிக்குச் சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் காதும் காதும் வைத்தமாதிரி விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வது வழக்கம். தரகர் ஞானையா நாளைக்குப் பதில் கேட்டிருக்கிறார். வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்த மகளுக்கு இந்தப் பையனைத்தான் பிடித்திருக்கிறது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “வசதி, படிப்பெல்லாம் பாக்காண்டாம்மா. சத்தம் போடாத வீடான்னு மட்டும் பாருங்க.”

வீடு கோயில் துறைப் பக்கம். அந்தப் பேரைச் சொன்னால் யார் வீட்டுக்கு என்று கண்டக்டர் கேட்பார். இவர்கள் போவதற்குள் சேதி போய்விடும்.

“கடைசித் துறைக்கு ரெண்டு டிக்கெட்” என்றாள் சந்தனமாரி. பிறகு கணவரின் காதில், “நடுவுல எறங்கிக்கிடுவோம். எவனுக்குத் தெரியப்போவுது?”

படகு இடக்கரையில் நின்றது. குறுக்கே வெட்டி வலக்கரையில் நின்றது. மறுபடியும் இடக்கரைக்கு வந்தது.

“இவனுக்கு நேரா ஓட்டத் தெரியாதா? எங்க ஊருல அம்மாம்பெரிய கப்பலே நேரா வந்து நிக்கி!”

“நீ கப்பல்ல ஏறினதே இல்லயேளா” என்றார் பால்துரை. சொன்னது தப்பு என்று அடுத்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் அடுத்த இரண்டு துறைகளும் அவர் கண்ணில் படவில்லை.

கோயில் துறை வந்தது. சந்தனமாரி வாத்துக்கூடையைக் கணவர் மடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“உக்காருங்க சேச்சி, உங்க துறை கடைசி” என்றார் கண்டக்டர், மிகுந்த அன்போடு. உடனே படகே அவளுக்கு உதவிக்கு வந்தது. ஒருத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்னொருத்தி, “இங்க எறங்கினா வழி தெரியாம போயிடும்” என்று புடவையைப் பிடித்துக்கொண்டாள். திமிறி எழுவதற்குள் படகு கிளம்பிவிட்டது.

“யோவ், நிறுத்துய்யா!”

எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடியது. இழுத்தால் வண்டி நிற்கும் என்று நினைத்து இழுத்தாள். மணி அடித்தது, படகு நிற்கவில்லை. ஆத்திரம் தீருமட்டும் இழுத்தாள்.

அது முன்னால் சக்கரம் பிடிப்பவர், நடுவில் எஞ்சின் பார்ப்பவருக்கு மணி அடித்து உத்தரவு சொல்லும் கயிறு. எஞ்சின்காரர் பாவம், கேட்டதையெல்லாம் செய்தார். படகு முன்னே பாய்ந்தது, பின்னே வந்தது, குறுக்கே திரும்பி ஆகாயத்தாமரைக்குள் புகுந்து, எஞ்சின் அணைந்து நின்றது. சற்று நேரம் வாத்துகள் மட்டும் பேசின.

“யாரு மணி அடிச்சது?” என்று முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கயிறு இன்னும் சந்தனமாரியின் கையில்தான் இருந்தது.

“நான்தான் அடிச்சேன், இப்ப என்னங்கிய? எறங்க வேண்டிய எடத்துல எறங்க விடாம புடிச்சு வச்சா வேற என்ன செய்வாவ?”

“கடைசித் துறைன்னு நீங்கதானே சொன்னீங்க?” கண்டக்டருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“பொய் சொன்னேன்! மாப்பிள்ளை வீட்டப் பத்தி ரகசியமா விசாரிக்க வந்தவ, போற எடத்தை ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவாளா? கோயில் துறை, பாத்திரக்கடைக்காரங்க வீடு! போதுமா? எல்லாருக்கும் கேட்டுதா?”

கேட்டது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

பால்துரை வாத்துக்கூடையை மெதுவாகத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

கழி ஊன்றிப் படகை மீட்டு, கோயில் துறைக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இருவரும் இறங்கும்போது படகே ஒதுங்கி வழிவிட்டது. “அந்தப் பச்சை கேட்டு வீடு” என்று கண்டக்டர் மரியாதையாகக் கை காட்டினார்.

பச்சை கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நம்ம பக்கத்துத் தமிழ் கேட்டதும் சந்தனமாரிக்குத் தெம்பு வந்தது. அன்றைக்கு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏம்மா, அந்த வீட்டுக்காரங்க எப்படி? கோவப்படுவாங்களோ?”

“அவங்களா? அந்த வீட்ல அம்மி அரைக்கிற சத்தம்கூட வெளிய கேக்காது. தங்கமான ஆளுங்க.”

சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள். பட்ட பாடெல்லாம் பறந்துவிட்டது. “ஏங்க, ஞானையாவுக்குப் போனைப் போடுங்க. சம்மதம்னு சொல்லிருவோம்” என்றாள். பால்துரையின் முகத்தில்கூடச் சிரிப்பு வந்தது.

“வந்ததுக்கு வீட்டாளுங்களைத் தூர நின்னு பாத்துட்டுப் போவோமே. உள்ளதான இருக்காங்க?” என்று டீக்கடைக்காரியிடம் கேட்டாள் சந்தனமாரி.

“இல்லியே” என்றாள் டீக்கடைக்காரி, டம்ளரை நீட்டிக்கொண்டே. “அவங்க பையனுக்கு ஒரு எடம் வந்திருக்கு. பொண்ணு நல்ல பொண்ணாம், அம்மாக்காரி வாயைத் தொறந்தாத்தான் தெருவே நடுங்குமாம். அது நெசமான்னு ரகசியமா விசாரிக்க, குடும்பத்தோட தூத்துக்குடிக்குப் போயிருக்காங்க.”