இன்ஸ்பெக்டரும் என் கார்புரேட்டரும்

எந்தக் கார்புரேட்டரும் தானாகக் கெட்டுப்போவதில்லை, வண்டிக்காரன்தான் கெடுக்கிறான் என்று முழுமனதாக நம்புகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். என் துரதிர்ஷ்டம், அவர் மலேசியாவில் எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார்.

ஊருக்கெல்லாம் அவர் 'இன்ஸ்பெக்டர்'. போலீஸுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனை அவர் விசாரிக்கிற விசாரணையில், செய்யாத கொலையையும் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். கடை நடுவில் கவிழ்த்துப் போட்ட சாய டின், அதாவது காலி பெயிண்ட் டின், ஒன்று இருக்கும். வண்டிக்காரன் அதில்தான் உட்கார வேண்டும். நல்ல நாற்காலி ஒன்றும் இருந்தது. அதில் கழற்றிய கார்புரேட்டரைத் துணி விரித்து வைத்திருப்பார்.

என் வண்டி, டாங்க் முன்னால் இருக்கிற பழைய மாடல். காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். ஒருமுறை எனக்கு இடுப்பு வலி வந்து நாலு மாதம் அதைத் தொடவில்லை. பிறகு கிளப்பினால், சோக் இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் செத்துவிடுகிறது. தள்ளிக்கொண்டு போனேன்.

"எத்தன நாளா நிறுத்தி வெச்ச?"

"கொஞ்ச நாளா அண்ணே."

"கொஞ்ச நாளுன்னு காலண்டர்ல எங்க போட்டிருக்கு?"

"நாலு மாசம்."

கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடிக்கிண்ணத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே பெட்ரோல் பச்சைப் பிசினாக இறுகிக் கிடந்தது. கெட்டுப்போன சாய வாடை.

"மோந்து பாரு."

"தெரியுது அண்ணே."

"நல்லா மோந்து பாருலா! நாலு மாசமா இது மோந்துச்சே, நீ ஒரு நிமிசம் மோந்தா செத்தா போயிடுவ?"

அப்புறம் அரிசி மணியளவு பித்தளை ஜெட் ஒன்றைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். அதன் நடுவில் பெட்ரோல் போக மயிரிழை போல ஒரு துளை இருக்க வேண்டும். அது அடைத்திருந்தது. மருந்தில் ஊறப்போட்டு, காற்றடித்து, மறுபடி வெயிலில் பிடித்து, ஊசிமுனை வெளிச்சம் தெரிந்த பிறகுதான் மாட்டினார். வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமியது. எனக்கென்ன சந்தோஷம்? இடுப்பு வலியில் கிடந்தவனை ஒரு வார்த்தை 'இப்ப எப்படி இருக்கு' என்று கேட்டாரா மனிதர்?

என்னையாவது விடுங்கள். பணி ஓய்வு பெற்ற தோட்டத்துக் குமாஸ்தா, கிராணியார் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். யாழ்ப்பாணக் குடும்பம். தோட்டத்து ஆபீஸில் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியவர்கள் குறைவு. அவருடைய வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் ஜெட்டைக் கழற்றிப் பார்த்தார். துளை பெரிதாகியிருந்தது.

"எதால நோண்டுனீங்க?"

"சும்மா, மனுசியின்ர சட்டை ஊசியால கொஞ்சம் குத்தினனான். அவ்வளவுதான்."

"ஐயா, உங்க மூக்குல சளி அடைச்சா கடப்பாரைய விட்டா நோண்டுவீங்க?"

கிராணியார் முப்பது வருட உத்தியோகத்தில் கேட்காத கேள்வி அது. அரைமணி நேரம் சாய டின்னில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புது ஜெட் போட்டுக் கொடுத்ததும், மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, இனி அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மானம் இருக்கிறதல்லவா? அதனால் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் வண்டிக்குப் புது நோய் வந்தபோது, கோல சிலாங்கூர் பட்டணத்தில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இருமி, இழுத்து, நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பும். பட்டணத்தார் கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினார்கள். மூன்றாம் முறை, "பழசாயிடுச்சு பாஸ், மாத்திடலாம்" என்று புதிதாகவே மாட்டினார்கள். புதியதும் பத்து நிமிடம் ஓடியது. நின்றது.

அப்படியே வந்தது என் மகள் நிஷாவின் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வில் வேதியியல் தாள். எட்டு மணிக்குப் பேப்பர். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சீக்கிரமாகவே கிளம்பினேன். வண்டி இருமியது, இழுத்தது, நின்றது. எங்கே? இன்ஸ்பெக்டர் கடை வாசலில். மணி ஏழேகால்.

அவர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வண்டியில் பளபளத்த புது கார்புரேட்டரைப் பார்த்தார்.

"இது யாரு?"

"அண்ணே, புள்ளைக்குப் பரீட்ச! முதல்ல வண்டிய ஓட வைங்க!"

"எத்தன நிமிசம் ஓடி நிக்குது?"

"அண்ணே, பரீட்ச!"

"நின்னா எவ்வளவு நேரம் கழிச்சுக் கிளம்புது?"

எனக்குக் கண் இருட்டிவிட்டது. "நீங்க மனுசனா, என்னய்யா நீங்க? புள்ளையோட படிப்பு போவப் போவுது, நின்னு கேள்வி கேக்குறீங்க!" என்று சாலையில் போகிற லோரிக்காரன் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் என்னை விட்டுவிட்டு நிஷாவிடம் திரும்பினார். அவள் கையிலிருந்த பென்சில் பையை இறுக்கிப் பிடித்தபடி சொன்னாள்: "பத்து நிமிசம் ஓடும் அங்கிள். நின்னா, அஞ்சு நிமிசம் கழிச்சு ஸ்டார்ட் ஆவும். நேத்து அப்பா பெட்ரோல் போட மூடியத் தொறந்தப்ப உஸ்ஸுன்னு காத்து சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் உடனே ஸ்டார்ட் ஆச்சு."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "இதுதான்யா சாட்சி! நீ ஏறும்மா" என்று தன் வண்டியை எடுத்தார். என் பக்கம் விரலை நீட்டி, "எதையும் தொடாத. உக்காரு" என்றார். போய்விட்டார். சொந்த மகளின் தேர்வு நாளில், பூட்டாத கடைக்குக் காவலாக, சாய டின்னில் நான்!

எட்டரைக்குத்தான் திரும்பினார். "போய்ச் சேந்துட்டாளா?" என்று ஓடினேன். "ஏழு நாப்பதுக்கே" என்று சொல்லிவிட்டு என் டாங்க் மூடியைக் கழற்றினார். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் கெட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நான்தான்."

"மூடியில சின்ன ஓட்ட இருக்கு, அது தெரியுமா? அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும். சாமி கும்புடுறேன்னு வண்டிக்கு மூக்க அடைச்சு வெச்சிருக்க! கார்புரேட்டருக்குப் பெட்ரோலே வரல, அது என்ன பண்ணும்?"

வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் காற்றடித்தார். வேலை முடிந்தது. நான் கிளம்ப எழுந்தேன்.

"பழைய கார்புரேட்டர் எங்க?"

"அந்தக் கடையிலயே போட்டுட்டேன்."

அவருக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "ஒரு குத்தமும் செய்யல! அதப் போயி தூக்கிப் போட்டிருக்க! போய்க் கொண்டா. அதுவரைக்கும் உன் வண்டி இங்கதான்." தன் வண்டிச் சாவியை என் கையில் திணித்துத் துரத்தினார். பட்டணத்துக் கடையின் இரும்புக் குப்பையில் முட்டி தேய நான் அதைத் தேடி எடுத்தது தனி அவமானம். கொண்டுவந்து கொடுத்ததும் துடைத்து, நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்.

மதியம் நிஷாவை அழைத்துவந்தபோது அவள் சொன்னாள், மணி அடிக்கிற வரைக்கும் அவர் பள்ளி கேட்டிலேயே நின்றாராம். "கேள்விய ரெண்டு தரம் படிம்மா. அவசரப்பட்டு எதையும் கழட்டிடாத" என்று சொன்னாராம். என்னிடம் அதில் கால்வாசிக் கனிவைக் காட்டியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

சென்ற வருடம் நாங்கள் புக்கிட் செந்தோசாவுக்குக் குடிமாறினோம். அங்கே மோட்டார் கடைக்காரர் தங்கமானவர். சார் என்கிறார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிடுகிறார். போன மாதம் வண்டி திணறியபோது பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு சார், உங்க மேல தப்பே இல்ல" என்றார். கேட்டதும் எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒன்றும் கேட்காமல், ஒன்றையும் கழற்றாமல் எப்படிச் சொல்லலாம்?

மறுநாள் காலை, திணறுகிற வண்டியிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி அசாம் ஜாவா போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, கார்புரேட்டரில் கைவைத்து, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எங்க போயிருந்த, இத்தன நாளா?"

வண்டியைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை. வீடு மாறிட்டோம் அண்ணே, நிஷா யூனிவர்சிட்டி போயிட்டா, வரணும் வரணும்னுதான் இருந்தேன் என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.