வண்ணத்துப்பூச்சிக்கு உபயம்

எங்கள் ஊர்ப்பக்கம் உபயக்காரர் பெயர் இல்லாமல் ஒரு பொருள் நிற்காது. கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதியது போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். பிள்ளைகளே, அதில் பாதி டியூப்லைட் நான் எழுதியது. நான் போர்டு பெயிண்டர். படிப்பு எட்டாவது. (பாஸா என்று கேட்காதீர்கள்.)

2002-இல் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்று ஒரு காட்சி அறை திறந்தார்கள். விலங்கியல் பேராசிரியை பெயர்ப்பலகை எழுத என்னைக் கூப்பிட்டார். நன்றாக அமைந்தால் கல்லூரியின் மொத்தப் பலகையும் எனக்குத்தான் என்றார். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 'மாப்பிள்ளை காலேஜ் பெயிண்டர்' என்று பெண்ணின் ஊரான அனுமந்தன்பட்டி முழுக்க நானே சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் தந்த தாளில் ஒவ்வொரு பூச்சிக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். பின்னாலேயே ஒரு வெள்ளைக்காரர் பெயர், ஒரு வருஷம். வேறென்ன, உபயம்தானே! பேராசிரியை அம்மா எழுத மறந்துவிட்டார் என்று, நானே சிவப்புப் பெயிண்டில் 'உபயம்' சேர்த்தேன். வருஷமெல்லாம் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். அதனால் மரியாதையாக 'அமரர்' என்றும் போட்டேன். சிலர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. விளம்பரம் பிடிக்காத அடக்கமானவர்கள் போல என்று பொடி எழுத்தில் எழுதினேன்.

திறப்பு விழா அன்று காலையில்தான் பெயிண்ட் காய்ந்தது. பேராசிரியை பார்ப்பதற்குள் சிறப்பு விருந்தினர் உள்ளே வந்துவிட்டார். அறைக்கு நிஜமாகவே பணம் கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"என்னம்மா இது? காசு குடுத்தது நானு. இவுகெல்லாம் யாரு? எம்பேரு எங்கன?"

நான் முந்திக்கொண்டேன். "அய்யா, கோவிச்சுக்கிறாதீக. இதுல இருக்கவுக எல்லாம் செத்துப்போனவுக. ஒங்களுக்கும் ஒரு பூச்சி ஒதுக்கிருவோம்."

"ஏலே, எப்ப எழுதலாம்னு இருக்க?"

பேராசிரியை தலையில் கைவைத்தார். "தம்பி, அவுக குடுத்தவுக இல்ல. அந்தப் பூச்சிக்கு மொதல்ல பேரு வச்சவுக. வருஷம், அந்தப் பேர அச்சுல வெளியிட்ட வருஷம். பின்னால ஆராய்ச்சி பண்ணி, அந்தப் பூச்சிய வேற பேரினத்துல, அதாவது வேற வகையறாவுல சேத்தாகன்னா, மொதல்ல பேரு வச்சவுகள அடைப்புக்குறிக்குள்ள போடுவாக."

"அப்ப அடக்கம் இல்லீங்களா?"

சாயங்காலம் வரைக்கும் டர்பன்டைன் தொட்டு அத்தனை அமரர்களையும் அழித்தேன். மற்றப் பலகைகள் வேறொரு பெயிண்டருக்குப் போயின. கல்யாணம் மட்டும் நிற்கவில்லை. கதையைக் கேட்டுப் பெண் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்லியனுப்பினார்கள்.

அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. மகளுக்குப் பெயர் வைத்தது நான். அந்தப் பெருமையை எடுத்தாலே போதும், என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"ரொம்பப் பீத்திக்கிறாதீக. அவ ஒருநா வேற வீட்டுக்குப் போவால்ல, அப்ப இருக்கு ஒங்களுக்கு அடைப்புக்குறி."

உடனே மகள் ஓடிவந்து, என் முகத்தின் இரண்டு பக்கமும் கையை வளைத்து வைத்துக்கொள்வாள். "எதுக்கும்மா அம்புட்டு நாளு? இப்பவே போட்டாச்சு!"