முக்கிப் போட்டாலும் தாங்கும்!

ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பை நான் ஒரே வாக்கியத்தில் மூழ்கடித்திருக்கிறேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை. குமிழ் குமிழாக வந்தது, கண்ணால் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரகடம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் தொழில்முனைவோர் மையத்துக்கு நான் பொறுப்பாளர். ஆராய்ச்சி செய்கிறவர்களையும் மாணவர்களையும் சொந்தமாக நிறுவனம் தொடங்க வைப்பது என் வேலை. அதற்கு முன்னால் பத்து வருடம் வாட்டர் பியூரிஃபயர் விற்றவன். (சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. அதனால் என்ன, அறிவுரைக்கு முதலீடு வேண்டாமே!) மையத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: 'வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாதவை: முடியாது, தெரியாது, இன்னும் இல்லை.' வருகிற போகிற பிள்ளைகளையெல்லாம் அதை ஒப்பிக்க வேறு வைத்தேன்.

அப்படி ஒப்பித்தவர்களில் ஒருத்தி மேகலா. இயந்திரவியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்தவள். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி செய்திருந்தாள். இரும்பு கடையும் லேத் இயந்திரத்தின் மேல் ஒட்டவைத்தால், உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அதிர்வை வைத்தே சொல்லிவிடும். நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, தேய்ந்திருந்தால் சிவப்பு. அப்படி ஒரு டப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஏதாவது ஒரு தொழிற்சாலை 'இதை வைத்துச் சோதித்துப் பார்க்கிறோம்' என்று வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் கொடுத்தால், கல்லூரியின் தொடக்க நிதி அவளுக்குக் கிடைக்கும், நிறுவனத்தைத் தொடங்கிவிடலாம். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகப் போய்ச் சேர வேண்டும். உதவித்தொகை நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது.

"சேலம் போயிட்டா இத நான் திரும்பத் தொடவே மாட்டேன் சார்," என்றாள்.

புதன்கிழமை, ஷாஃப்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எங்களுக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். நான் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். மே மாதம். (சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ. பக்கத்தில் இருந்தவர், "கல்யாணமா சார்?" என்று விசாரித்தார்.)

அங்கே மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் ஏழுமலை. மணிமங்கலத்துக்காரர். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஐந்து லேத்துகளைக் காட்டினார்.

"இதுல ஒண்ணு சீக்காளி. எதுன்னு நான் சொல்ல மாட்டேன். உன் டப்பாவ சொல்லச் சொல்லு, பாக்கலாம்."

முதல் லேத், பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதில் சிவப்பு. ஏழுமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அட! இது எனக்கும் நைட் ஷிஃப்ட்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். கெட்டிக்காரிதாம்மா நீ."

அந்த நிமிடத்தில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

"ஆனா ஒண்ணு," என்றார். "இங்க கூலண்ட் தெறிச்சிக்கினே கீதும்மா. தாங்குமா?"

இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற எண்ணெய் கலந்த நீர்தான் கூலண்ட். பார்க்க நீர்மோர் மாதிரி இருக்கும். மேகலா, "அது வந்து சார்..." என்று இழுத்தாள். நான் தடை செய்த வார்த்தைகளை விட்டுவிட்டு வேறு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள், பாவம். அதை நான் கூச்சம் என்று நினைத்தேன்.

"தாராளமாத் தாங்கும் சார்! தெறிக்கறது என்ன, முக்கிப் போட்டாலும் தாங்கும்!" என்றேன் நான்.

மேகலா என் ஷூவை மிதித்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

விற்கிறவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான், வாங்குகிறவர் கொஞ்சம் கழித்துத்தான் கேட்பார். வீடு வீடாக ஏறி இறங்கி நான் கற்ற பாடம் அது. தொழிற்சாலையில் கழிக்க மாட்டார்கள். ஒரு டன் தாங்கும் என்றால் ஒரு டன்னை ஏற்றிப் பார்ப்பார்கள். ஏழுமலை, "அப்டியா?" என்று டப்பாவைப் பிடுங்கினார். லேத்துக்குப் பின்னால் இருந்த கூலண்ட் தொட்டிக்குள் போட்டார்.

பச்சை எரிந்தது. சிவப்பு எரிந்தது. பிறகு ஒன்றும் எரியவில்லை.

"ரீஸ்டார்ட் ஆகுது சார்," என்றேன். "ரெண்டு நிமிஷம் ஆகும்."

(ஆமாம், இதையும் நான்தான் சொன்னேன்.)

கிணற்றில் குடத்தைத் தவறவிட்டவர்கள் போல மூவரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். அந்த மனிதர் நிஜமாகவே கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

மேகலா சுடிதார்க் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் வெள்ளையாகக் கொட்டியது. துப்பட்டாவால் உள்ளே ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவள் அழவில்லை. அடப்பாவி, சும்மா நின்றிருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"தாங்காது சார்," என்றாள் ஏழுமலையிடம். "தெறிச்சாலே உள்ள போயிடும். மூடிக்கு இன்னும் சீல் செய்யல. சார் சொன்னது தப்பு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"சொல்லக் கூடாதுன்னு சுவத்துலயே ஒட்டியிருக்காங்க சார்."

ஏழுமலை என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காதெல்லாம் எரிந்தது எனக்கு.

"சரி. சீல் பண்ண எத்தினி மாசம் ஆவும்?"

"தெரியல சார்."

"தெரியலன்னு சொல்ற பாரு, உன்ன நம்பலாம். சீக்காளி எதுன்னு கண்டுபுடிச்சிச்சு இல்ல, அது போதும். இன்னொண்ணு செஞ்சி எடுத்துக்கினு வா. லெட்டரு நான் மேனேஜர்கிட்ட வாங்கித் தரேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், கோட்டு நனைஞ்சிடப் போவுது. தள்ளி நில்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. நிதிக் குழுவின் முன்னால் அதை வாசிக்க வேண்டியவன் நானேதான். முதல் பத்தி, கருவியைச் சோதிக்கச் சம்மதம். கணீரென்று வாசித்தேன். இரண்டாவது பத்தி: 'சோதனைக் காலத்தில் ஆய்வாளர் மட்டும் உள்ளே அனுமதிக்கப்படுவார். உடன் வரும் வழிகாட்டி கேட் வரை வரலாம்.'

"கடைசி வரி சரியாக் கேக்கல, இன்னொரு தரம் படிங்க," என்றார் கல்லூரி முதல்வர். படித்தேன்.

மேகலா சேலம் போகவில்லை. அடுத்த டப்பாவுக்கு ஏழு மாதம் ஆயிற்று, அது தாங்கியது. ஒரகடத்திலேயே ஒரு ஷெட்டில் இப்போது எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள். புதுப் பிள்ளைகளைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனால், நான் செக்யூரிட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஒரு நாள் வீட்டில் உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து நகைக்கடையா, மெக்கானிக் ஷெட்டா, எங்கே போனாலும் என் மனைவி, "நீங்க கேட் வரைக்கும் வாங்க, போதும்," என்கிறாள்.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். "வேலைய விட்டுட்டு எங்க ஊருக்கே வந்துடுமா பொண்ணு?" என்று பையனின் அப்பா கேட்டார். "தாராளமா..." என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், உள்ளறையிலிருந்து மகள் வெளியே வந்துவிட்டாள்.

"அப்பா, நீ கேட் வரைக்கும்தான். நான் பேசிக்கறேன்."

எழுந்து போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.