நிமிர்ந்த முதுகும் நகர்ந்த கட்டிலும்

இனி இந்த வீட்டில் ஒருவர் முதுகும் வளையக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகடனம் செய்தேன். அந்த நேரத்தில் என் முதுகு நாற்காலியிலிருந்து முக்கால்வாசி வழிந்து கிடந்தது. அது வேறு விஷயம்.

காரணம், கீழ்வீட்டுத் தையல்காரர். என் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொண்டுவந்தவர், அதை என் கையிலேயே கொடுத்து, "முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ரெண்டு விரல் நீளமா விட்டிருக்கேன் சார். பாப்பா கூன் போடுதுல்ல? இல்லேன்னா பின்னால தூக்கிக்கும்" என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு, பென்ஷன் வாங்குகிறவருக்குத் தைப்பதுபோல் சட்டை தைத்திருந்தார் மனுஷன்.

வயிறு எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்? நான் இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம் என்று கிடப்பவன். பிள்ளை வளர்ப்பு என் மனைவியின் இலாகா. பிள்ளை வளைந்தால் பழியும் அந்த இலாகாவுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்திலாவது ஜெயிக்கமாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தவனுக்கு, வழக்கு தானாக வாசல்படி ஏறி வந்திருக்கிறது. விடுவேனா?

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். மெத்தைக் கிடங்கில் இரவுக் காவல். ஊரார் படுக்கப்போகும் மெத்தைகளை விடிய விடிய உட்கார்ந்து காக்க வேண்டும். ஒன்றில்கூடச் சாயக் கூடாது, மேலே கேமரா. பூனையின் வாயைத் தைத்துவிட்டுப் பால்சட்டிக்குக் காவல் வைத்த கதை. பொழுது போகாமல் மெத்தை உறைகளில் அச்சடித்திருப்பதையெல்லாம் வாசிப்பேன். தண்டுவடம், முள்ளெலும்பு, கழுத்தின் சாய்வு, இடுப்பின் வளைவு எல்லாம் அத்துப்படி. பள்ளிக்கூடம் பாதியில் விட்ட எனக்குப் பிளாஸ்டிக் உறைதான் பல்கலைக்கழகம்.

"பிள்ளைய எப்படி வளர்த்து வச்சிருக்க, பாத்தியா?" என்று மனைவியிடம் தொடங்கினேன்.

"என்ன பண்ணணும்? சொல்லுங்க" என்றாள்.

சண்டைக்கு வரவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"தரையில குந்தி, முழங்கால் மேல நோட்ட வச்சு எழுதறா. முதுகு என்னத்துக்கு ஆகும்? மேசை வேணும். அவ முழங்கை உயரத்துக்கு."

"சரிங்க."

"வெளிச்சம் இடதுபக்கத்துல இருந்து வரணும். ஜன்னல் வெளிச்சம். இருட்டுல எழுதினா தலை தானா நோட்டுக்குள்ள போயிடும்."

"அடேங்கப்பா."

"முதுகெலும்பு ஒருதரம் வளைஞ்சா வளைஞ்சதுதான். விளையாட்டு இல்ல."

"இவ்வளவும் எங்க படிச்சீங்க?"

"படிக்கறவனுக்கு எங்கயும் கிடைக்கும்."

தவளைகூடத் தன் வாயால் கெடுகிறபோது ராத்திரியில் கொஞ்சம்தான் கத்தும். நான் பட்டப்பகலில் கத்திக்கொண்டே போனேன்.

பேச்சோடு நிற்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன். இருந்ததிலேயே தடிமனான புத்தகத்தை அவள் தலையில் வைத்தேன்.

"புத்தகம் விழாம, வாசல்லேர்ந்து சமையல்கட்டு வரைக்கும் நட. கீழ பாக்கக் கூடாது. நேரா பாக்கணும். ராணி மாதிரி."

நடந்தாள். ராணி மாதிரியேதான் நடந்தாள். படுக்கையறைக் கதவு வந்தது. தோள் இரண்டும் உள்ளே மடங்க, தலை தாழ, குதிகால் தூக்கி நுனிக்காலில் நின்றாள். புத்தகம் பொத்தென்று விழுந்தது.

மறுபடி வைத்தேன். மறுபடி அதே கதவு. அதே பொத்.

"ஏன் கண்ணு, இங்க வந்ததும் வளையுற?"

"உள்ள அப்பா தூங்குவாங்கல்ல. நிமிர்ந்து நடந்தா குதிகால் சத்தம் கேக்கும். கேட்டா கத்துவீங்க."

"நான்தான் இங்க நிக்கறேனே!"

"பழக்கம்பா" என்றாள்.

என் தூக்கத்தைச் சுற்றி இந்தப் பிள்ளை நுனிக்காலிலேயே வளர்ந்திருக்கிறது. நான் குறட்டையோடு அதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்புகள் அளவுகோல் வைத்ததுபோல் நேராக விழுந்தன.

கடைசித் துணியை மடித்துவிட்டுக் கேட்டாள். "சரி, மேசைய எங்க போடறது?"

"எங்கயாவது ஜன்னல் பக்கமா..."

"இந்த வீட்ல இருக்கறதே ஒரு ஜன்னல். அதுவும் படுக்கையறையில. அதுல கறுப்புப் போர்வைய வச்சு ஆணி அடிச்சது யாரு?"

"பகல்ல நான் தூங்கவேணாமா?"

"தூங்குங்க. யார் வேணாம்னா? ஆனா ஜன்னலுக்குக் கீழ கட்டில் இருக்கே. மேசை அங்கதானே வரணும்? இடதுபக்கத்து வெளிச்சம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என் முதுகு என்ன ஆகறது?"

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதுங்க. நீங்க ஐம்பதை நெருங்கிட்டீங்க. எங்க படுத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் காலை வேலை முடிந்து, கண் இரண்டும் சொருக வீடு வந்தேன். படுக்கையறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் வெயில் வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கட்டில் நான்கு துண்டாகக் கழன்று சுவரில் சாய்ந்திருக்க, தையல்காரர் தன்னுடைய பழைய வெட்டுமேசையை ஜன்னலடியில் நகர்த்திக்கொண்டிருந்தார். அதன் கால்கள் அறுத்துக் குட்டையாக்கப்பட்டிருந்தன. மகள் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கை கச்சிதமாகப் பொருந்தியது.

"அளவு எப்ப எடுத்தீங்க?" என்றேன். "நான் நேத்துதானே மேசைப் பேச்சையே எடுத்தேன்?"

"சீருடைக்கு எடுக்கறப்பவே எடுத்தாச்சே சார். முழங்கை உயரத்தையும் சேத்துப் பாத்துக்கச் சொன்னாங்க வீட்டம்மா. சட்டைய உங்க கையிலதான் குடுக்கணும், அந்த ரெண்டு விரல் சமாசாரத்த உங்க காதுலதான் போடணும்னும் சொன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். மனைவி டீயை நீட்டினாள்.

"என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? 'தூங்கறவன் தலையில கல்லத் தூக்கிப் போடறா'ம்பீங்க. நான் சொன்னத என்னிக்குக் கேட்டிருக்கீங்க? நீங்க சொன்னதுன்னா நீங்களே கேட்டுத்தானே ஆகணும்?"

கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். கேட்டிருக்கமாட்டேன். டீயில் சர்க்கரை போட்டிருந்தாள்; அப்படியும் கசந்தது.

"அப்ப கட்டில்?"

"மேசைக்குப் பதிலா இவர் எடுத்துக்கறார்."

தையல்காரர் கட்டிலின் தலைமாட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினார். மனுஷன் நிமிர்ந்துதான் நடந்தார்.

இப்போது எனக்குப் பள்ளியறை, சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள இடைவழி. அங்கே வெளிச்சம் வராது என்பதால் பகலில் தூங்கத் தோதாம். முன்பு மகள் குந்தி எழுதிய அதே இடம். ஆயிரம் மெத்தைக்குக் காவலாளி, அங்கே ஒரு பாயில் படுக்கிறேன். கால் நீட்டினால் குளியலறைக் கதவு திறக்காது. ஆகவே முழங்கால் முகவாயைத் தொட, கேள்விக்குறிபோல் சுருண்டு கிடக்கிறேன்.

இன்று மத்தியானம் லேசாகக் கண்ணயர்ந்தேன். டங், டங் என்று குதிகால் சத்தம் நெருங்கியது. அடுத்த டங் என் விலாவில் விழுந்தது.

"ஐயோ! கீழ பாத்து வரக்கூடாதா?"

தலையில் தடிப் புத்தகத்தோடு, ராணி மாதிரி நேரே பார்த்துக்கொண்டு மகள் சொன்னாள்:

"கீழ பாத்தா புத்தகம் விழுந்துடும்பா. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"