லாபா அக்கா சொன்ன பொய்கள்

எங்கள் கட்டடத்தில் யார் குடியிருக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் தனக்கு இருப்பதாக வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம் மனிதர். அது நான்காம் மாடி லாபா அக்காவிடம் இருந்தது.

பர்மா பாஷையில் 'லா பா' என்றால் 'வாங்க'. சந்துக்குள் புதிதாக யார் சட்டி பானையோடு வந்து இறங்கினாலும் பால்கனியிலிருந்து அக்கா அப்படித்தான் கூப்பிடுவார். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் உறவினர் ஒருவர், "பேரிலேயே லாபம் இருக்கே, பெரிய வியாபாரியோ?" என்று கேட்டார். அக்காவின் தையல் மெஷின் லாபத்தைக் கண்ணால் கண்டதில்லை.

நானும் என் மனைவி செல்வியும் கியாக்தான் ஊரிலிருந்து மிங்கலா தாங்ஞுன்டு பேட்டைக்குக் குடிவந்த அன்று, அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து எங்கள் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"என்னம்மா சமைச்சே?"

"இன்னும் அடுப்பே வைக்கலக்கா."

"அப்ப எந்திரி. எல்லாரையும் பாத்துட்டு வருவோம்."

மாடி மாடியாக எங்களை ஊர்வலம் கொண்டுபோனார். ஒவ்வொரு வாசலிலும் என்னைக் காட்டி, "இவரு பெரிய இன்ஜினியரு. கியாக்தான்ல இவரு கை படாம ஒரு ஃபேன் சுத்தாது" என்றார். நான் வந்தது உதிரிபாகக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு. மறுநாள் காலை எங்கள் வாசலில் ஃபேன்கள் வரிசையாக நின்றன. கடை மெக்கானிக்கைக் கெஞ்சி, கேட்டுக் கேட்டு முதல் ஃபேனை ஓட வைத்தேன். ஓடியது, காற்றுதான் பின்பக்கமாக வந்தது. அதன் சொந்தக்காரரான கிழவர் நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார்.

அக்காவிடம் போய், "ஏன்க்கா இப்படிப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா உன் வாசலுக்கு எவன் வருவான்? இப்ப ஆறு மாடிக்கும் உன் பேரு தெரியும், போ."

அவர் சொன்னது சரிதான். ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர்கள் குழம்பு கொண்டுவந்தார்கள், செல்விக்குச் சந்தையைக் காட்டினார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் நாங்கள் அந்தச் சந்துக்காரர்கள் ஆகிவிட்டோம். நானும் வேறு வழியில்லாமல் ஃபேன் ரிப்பேர் கற்றுக்கொண்டேன்.

அடுத்து ஐந்தாம் மாடிக்கு லியானும் மேரியும் வந்தார்கள். மேற்கே சின் மலையில் சண்டை வந்து வீட்டை விட்டு வந்தவர்கள். மேரி நிறைமாதம். இருவருக்கும் பர்மா பாஷையே தட்டுத்தடுமாறித்தான் வரும். கெட்ட நேரம், அவர்கள் வந்த வாரத்திலிருந்து மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. புதிதாக வந்தவர்கள்தான் கொட்டித் தீர்க்கிறார்கள் என்று பழி அவர்கள் மேல் விழுந்தது. இரண்டாம் மாடி டாக்சிக்காரர் ஊ தெய்ன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைப் பார்த்து அவர்களைக் காலி பண்ண வைக்கப்போவதாகச் சந்தில் நின்று அறிவித்தார். அக்கா எவ்வளவோ பேசிப் பார்த்தார். மனிதர் மசியவில்லை.

சனிக்கிழமை மதியம் மேரிக்கு வலி கண்டது. லியான் வேலைக்குப் போயிருந்தார். கழுத்தில் அளவு டேப்போடு அக்கா படியிறங்கி ஓடினார். எங்கள் பக்கம் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், பிறகு சாமானைக் கட்டி ஏற்றிக்கொள்ளலாம். அக்கா அத்தனை கயிற்றையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். கட்டடம் முழுக்கத் தேர் வந்ததுபோல மணிச்சத்தம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஊ தெய்ன் தலையும் தெரிந்தது. அக்கா அவரைப் பார்த்துத் தன் தமிழ் வாடையடிக்கும் பர்மா பாஷையில் சொன்னார்: "மேரி வேற யாரு வண்டியிலயும் ஏறமாட்டாளாம். ஊ தெய்ன்தான் நிதானமா ஓட்டுவாருன்னு சொல்லி அழுவுது."

மேரி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் தன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊ தெய்ன் நிதானமாக ஓட்டியதை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததும் இல்லை. ஆனால் அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. "என்னையா சொன்னாள்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். இடுப்பு லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறினார். நானும் அவரும் மேரியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினோம். செல்வி வண்டியில் கூடவே ஏறிக்கொண்டாள். ஊ தெய்ன் ஆஸ்பத்திரி வரைக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவர் மாதிரி ஓட்டினாராம். பெண் குழந்தை. லியான் வந்து சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே அவர் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தண்ணீர் வேண்டாமா, தொட்டியைப் பார்க்கமாட்டாயா என்று சண்டை போட்டார். ஆளை அனுப்பிப் பார்த்தார்கள். தொட்டியின் அடியில் ஓட்டை.

பிறகொரு நாள் அக்காவிடம், "நீங்க இங்க வந்தப்ப உங்கள 'லா பா'ன்னு யாருக்கா கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"அலோன்லேர்ந்து கல்யாணமாகி வந்தேன். அவரு துறைமுகத்துக்குப் போயிருவாரு. ஒரு வருசம் ஒரு சனம் பேசல. செவுத்தோட பேசிப் பேசித்தான் தொண்டை இவ்வளவு பெருசாச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை.

இப்போது ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் அக்காவுக்குத்தான் முதல் தட்டு. குழம்பில் புளி அதிகம், சோறு குழைந்துவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுவார். அவர் குறை சொல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சோறு இறங்குவதில்லை.